எங்கன போறீக?

வாய்மூடி இருந்தது போதும், மாப்ள. நீ உயிரோடிருந்த கடைசி ஆறு வருடமும் உன்னோடு பேசவில்லை. நீ போன பிறகு உன்னைப் பற்றியும் பேசவில்லை. இன்று காலை மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து செல்போனுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. நீ ஆரம்பித்த தத்துவ வகுப்பு, அந்த வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடு, இனி கிடையாது. அந்த நேரத்தில் நுழைவுத்தேர்வுப் பயிற்சியாம். அதன் கீழே பெற்றோர் வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் திங்கட்கிழமைக்குள் எழுதலாம்.

நான் ஏன் எழுத வேண்டும்? உன் வகுப்பால் வரவிருந்த வேலை போனவன் நான் ஒருவன்தான்.

மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் மதுரையில் ஒரு கல்லூரியில் துறைத்தலைவர் பதவிக்கு நேர்காணல். தேய்த்த சட்டையோடு தேனி பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால், உன் ஐந்தாம் வகுப்பு முழுக்க அங்கே நிற்கிறது. கிளம்புகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று ஊரே நம்புகிறதே, அது உண்மையா என்று சோதிக்கிறார்களாம்.

"ஏலே, பஸ்ஸுல போர்டு மாட்டிருக்குல்ல, கண்ணு தெரியலையா?" என்றார் கண்டக்டர்.

கடமலைக்குண்டு பஸ்ஸில் ஏறப்போன ஓர் அம்மாள், "சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போறேன் ஆத்தா. கெட்டா நல்லதுதேன்" என்றாள்.

என் முன்னால் வந்து நின்றது என் மகள். "அப்பா, எங்கன போறீக?"

வீட்டுக்குத் திரும்பினேன். வழக்கப்படி உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினேன். மதுரை போய்ச் சேர்ந்தபோது மேசை மேல் காலி டீக்கிளாஸ்கள் மட்டும் இருந்தன. நான் கல்லூரியில் தர்க்கவியல் கற்பிப்பவன் என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே பெஞ்சில்தானே படித்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பெயர் சொல்லாமல் என் கதையைச் சொல்லி, இவர் காரியம் ஏன் கெட்டது என்று வகுப்பில் கேட்டாய். "கேட்டதுனால இல்ல சார். அவுக திரும்பிப் போயித் தண்ணி குடிச்சதுனால" என்றாளாம் என் மகள். அதை என்னிடமே ஓடிவந்து சொன்னாய்: "மாப்ள, ஒம் மக ஒன்னய மிஞ்சிட்டாடா!" அன்றோடு உன்னுடன் பேச்சை நிறுத்தினேன். வேலை போனதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவள் சொன்னது சரி என்பதைப் பொறுக்க முடியவில்லை.

இருபது வயதில் என்னிடம் வருகிறவர்கள், "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டதில்லை. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நீ பிள்ளைகளைப் பத்து வயதிலேயே பிடித்துவிட்டாய். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

போன மாதம் எனக்கு நெஞ்சு வலித்தது. ராகுகாலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். "ஏம்ப்பா, வலி ராகுகாலம் பாத்தா வந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே மகள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் நானே மேலே வந்து உன்னை நேரில் திட்டியிருப்பேன் என்பதை டாக்டர் வேறு வார்த்தைகளில் சொன்னார். இப்போது நான் விடுகிற மூச்சில் உன் பீரியடும் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது. இதுவே என் ஆட்சேபம்.

உன் பெயருக்கு வரும் தபாலை இன்றும் தலைமையாசிரியைதான் பிரிக்கிறார். ஆகவே இதை உன் பெயர் போட்டுப் பள்ளிக்கூட விலாசத்துக்கே அனுப்புகிறேன். எந்தக் கடிதத்திலும் அவர் முதலில் கையெழுத்தைத்தான் பார்ப்பார். உன் வகுப்பை நிறுத்தச் சொல்லி, பட்டங்களோடு முழுப்பெயர் போட்டு நான் அனுப்பிய புகார்கள் அவர் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. என் பெயரைக் கண்டால் இதையும் அங்கே சொருகிவிடுவார். படித்தால் யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும், அதற்குள் படித்திருப்பார். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.