விண்மீன் வீடியோ போர்டு

4-6-84, திங்கள்
காலையிலேயே அனல். மலை மேல் ஒரு மேகம் இல்லை. ரைஸ் மில் போர்டுக்கு இரண்டாம் கோட் வெள்ளை. டர்பன்டைன் வாங்க வேண்டும்.

தேரடித் தெருவில் சலீம் எழுதும் போர்டைப் பார்த்தேன். 'விண்மீன் வீடியோ'. மஞ்சளில் கறுப்பு. வெறும் வட்டமும் நேர்கோடும், தடித்தடியாக. வால் இல்லை, நெளிவு இல்லை, நிழல் இல்லை. ராக்கெட் மேல் எழுத வேண்டிய எழுத்து. ஒரே பெஞ்சில் படித்தோம், ஒன்றாகத்தான் பிரஷ் பிடித்தோம். மெட்ராஸில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து இப்படி எழுதுகிறான். கீழே கூட்டம். ஒருவர்: "கம்ப்யூட்டர்ல எழுதின மாதிரி கீதுப்பா." கம்ப்யூட்டரை இவர் எங்கே கண்டார்.

மதியம் சோறு இறங்கவில்லை.

5-6, செவ்வாய்
ஒரு குறை கண்டுபிடித்தேன். ண. அந்தத் தடிமனில் மூன்று சுழிக்கு இடம் இல்லை. தெருவின் எதிர் வாடையிலிருந்து பார்த்தால் கறுப்புக் கட்டி. டீக்கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன். இதமாக இருந்தது.

வீட்டில் நானே பழைய பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எனக்கும் கட்டிதான். அடுப்படியிலிருந்து என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்து, "அவரு மாதிரி போடறீங்களா?" என்றாள். கசக்கி எறிந்தேன்.

7-6, வியாழன்
தூறல். வேலை இல்லை. ண வந்துவிட்டது. சுழியைச் சுழிக்கவே கூடாது. மூன்று தடித்த வளைவு, ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கீறல். அவ்வளவுதான்.

சாயங்காலம் சலீமே வந்தான். "தணிகா, அந்த ண உக்கார மாட்டேங்குதுடா. ஞாயித்துக்கெழம கடை தொறக்கறாங்க. உனக்கு ஏதாச்சும் தோணுதா?"

ண போட்ட பேப்பர் மேஜை மேல். அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். "ரெண்டு சுழி போட்டுடு. எவன் பாக்கப் போறான்."

"தப்பா எழுதினா கேவலம்டா."

போகாமல் நின்றான். கையை எடுத்தேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. எனக்கும் வரும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத நான் எடுத்துக்கவா?" என்றான்.

10-6, ஞாயிறு
திறப்பு விழா. சலீமுக்கு மாலை. கடைக்காரரிடம் என்னைக் காட்டி, "ண இவன் போட்டதுங்க" என்றான். அவர் தலையாட்டிவிட்டு டி.வி. பக்கம் போய்விட்டார்.

வசந்தா அண்ணாந்து பார்த்தபடி: "எல்லாத்தவிட அந்த மூணு சுழி ணதாங்க அழகு. சலீம் அண்ணனுக்கு என்னா கை."

"அது நான் போட்டது."

"சரி சரி, வாங்க" என்று சிரித்தாள். என் எழுத்தைப் பார்த்தே எனக்கு வயிறு எரிகிறது.

13-6, புதன்
பௌர்ணமி. அடி அண்ணாமலையிலிருந்து ஒரு சோடாக் கடைக்காரர். மலை சுற்ற வருகிறவர்கள் கண்ணில் படும்படி போர்டு வேண்டுமாம்.

"அந்த வீடியோ கடையில போட்டிருக்குதே, சலீம் எழுத்து, அது வருமா உங்களுக்கு? அவருக்கு வேலை ஜாஸ்தியாம். உங்களத்தான் பாக்கச் சொன்னாரு."

வராது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என்ன கலர்?" என்று கேட்டேன்.