நாற்பத்தொன்று, பதினான்கு

3 பிப்ரவரி 2025, திங்கள்
தேவானந்தம் சார் புதுப் பட்டியல் கொடுத்தார். ரேடியோ தொலைநோக்கி வானத்தில் எந்த இடத்தை, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று வரிவரியாக ஒரு ஃபைல் எழுதித் தர வேண்டும். வானியல் துறையில் நான்கு வருடமாக என் வேலை அதுதான். மாதிரிக்காக, ஆராய்ச்சி மாணவி ஜீவிதாவுக்கு அக்டோபரில் எழுதியதைத் திறந்தேன்.

மூன்றாவது வரி, இடத்தைக் குறிக்கும் எண். பட்டியலில் 41. ஃபைலில் 14.

பத்து தடவை பார்த்தேன். என் கைதான் மாற்றி அடித்திருக்கிறது.

4 பிப்ரவரி
ஏழு மணி நேரம் தொலைநோக்கி வேறு இடத்தைப் பார்த்திருக்கிறது. அதில் கிடைத்த வெறும் படத்தை நம்பி, தான் ஆராயும் விண்மீன் மண்டலத்திலிருந்து ரேடியோ அலையே வரவில்லை என்று ஜீவிதா ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் அதைப் பேசப்போகிறாள். "உங்க ஃபைல் இல்லேன்னா நான் காலிக்கா" என்று பிஸ்கட் நீட்டினாள். வாங்கித் தின்றேன். என்ன ஜென்மம் நான்?

5 பிப்ரவரி
என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாரு பாக்கப்போறா? மார்ச்ல உன் கான்ட்ராக்ட் முடியுது கெசியா. இப்போ போய் வாயத் தொறக்காத" என்றார் ஆஸ்டின்.



6 பிப்ரவரி
ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து தாம்பரம் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவளைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டால்? யாருமே கண்டுபிடிக்காமல் போனால்? — ஐயோ, அதுதான் இன்னும் பயமாயிருக்கு.

7 பிப்ரவரி, வெள்ளி
சொல்லிவிட்டேன். அவள் பேச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால், மாடிப்படியில்.

"எப்போ தெரியும்?"

"திங்கக்கெழம."

"இத்தன நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தீங்களாக்கா?"

பேச்சு ரத்து. சார் கூப்பிட்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அந்தப் படத்த நானும்தான் பாத்தேன். எனக்கும் தெரியலையே" என்றார். திட்டியிருக்கலாம்.

20 பிப்ரவரி
ஜீவிதா பேசுவதில்லை.

14 மார்ச்
சார் கெஞ்சி, தொலைநோக்கியில் மறுபடி நேரம் வாங்கிவிட்டார். ஃபைலை நானே எழுத வேண்டுமாம். ஜீவிதா சரிபார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு எண்ணுக்கும் விரல் தயங்கியது. "வாசிங்க" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை.

31 மார்ச்
ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு நீட்டிப்பு. வழக்கமாக ஒரு வருடம்.

28 ஏப்ரல், திங்கள்
புதுப் படம் வந்தது. அதிலும் ஒன்றுமில்லை. மறுபடியும் நானா?

ஜீவிதா பட்டியலையும் ஃபைலையும் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை.

"சரியாத்தான்க்கா இருக்கு. நெஜமாவே அங்க ஒண்ணும் இல்ல."

பழைய அத்தியாயத்தைத் திறந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"டீ சொல்லட்டுமா?" என்றேன்.

"சொல்லுங்க. எனக்குச் சக்கர கம்மியா."