ஜெட் விமானத்துக்கு உடைத்த தேங்காய்

தம்பி,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் நேற்று அச்சகத்திலிருந்து வந்தது. மை மணம் போகாத கட்டுகளை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். முன்னட்டையில் நீ. பின்னட்டையைத் திருப்பினால் நகைக்கடை முதலாளி. வெள்ளி நிற ஜெட் விமானத்தின் மூக்கில் ஒரு கையை வைத்து, மறு கையில் தேங்காயை ஏந்திக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படத்தில் நீ இல்லை. கீழே, ‘விமானத்துறையில் எம்மவருக்குப் பெருமை சேர்த்த அன்னாருக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு வரி. அதைவிடப் பெரிய எழுத்தில் கடையின் பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை நினைத்து அழலாம் என்று இருந்த நாள் முழுவதும் கோபத்தில் போய்விட்டது.

இது புலம்பல் இல்லை, சண்டை. நீ உயிரோடு இருந்தபோது உன்னோடு ஒழுங்காக ஒரு சண்டை பிடிக்க முடிந்ததில்லை. நான் குரலை உயர்த்தினால் நீ தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? இருந்து கேள்.

பஹ்ரெயின் விமான நிலையத்தில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவன் நீ. கனடாவுக்கு, ரொறன்ரோ நகருக்கு வந்தபோது உன் சான்றிதழ்களை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ஸ்காபரோவில் காருக்குச் சைலன்சர் பூட்டும் கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாய். அங்கே தன் பழைய காரைத் திருத்தக் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உன்னோடு பேச்சுக் கொடுத்தார். ஒரு காலத்தில் விமானப்படையில் இருந்தவர். அடுத்த சனிக்கிழமையே உன்னைப் பக்கத்து ஊரான ஒஷாவாவின் சின்ன விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து, ஐம்பதுகளில் விமானிகளைப் பழக்கிய ஜெட் ஒன்றை வாங்கி அங்கே கொட்டகையில் வைத்திருந்தார்கள். கோடையில் விமானக் காட்சிகளில் அதைப் பறக்கவிடுவதுதான் அவர்களுடைய ஆசை. ஒருவருக்கும் சம்பளம் இல்லை. கையில் இருக்கிறதையும் அதற்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு உனக்குச் சனிக்கிழமை என்றால் ஒஷாவாதான்.

பின்னேரம் நீ வரும்போது உன் மேலங்கி மண்ணெண்ணெய் மணக்கும். அந்த மணத்தோடு நீ என் வீட்டுக் கதிரையில் வந்து இருப்பாய். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். நீ பஹ்ரெயினில் இருந்த வருஷங்களில் நான் யாழ்ப்பாணத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தவள். விமானச் சத்தம் கேட்டால் உனக்குக் கை துருதுருக்கும். எனக்கு மூத்திரம் போய்விடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது அப்படித்தான்.

“அக்கா, உது குண்டு போடுற பிளேன் இல்லை. பழக்கிற பிளேன்.”

“பழகிப்போட்டு என்ன செய்யிறவங்கள்? தேர் இழுக்கப் போறவங்களோ?”

நீ சிரித்தாய். எழும்பித் தேத்தண்ணி போடப் போனாய்.

பிறகு அந்தக் கோடை வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெட்டின் எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. காப்புறுதிக் கட்டணமும் ஏறிவிட்டது. செப்டெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதியில் ஏரிக்கு மேல் நடக்கும் காட்சியில் பறந்தால், ஏற்பாட்டாளர்கள் தரும் பணத்தில் இன்னொரு வருஷம் சமாளிக்கலாம். பறக்காவிட்டால், பழைய ஜெட்டுகளைச் சேர்க்கும் ஒரு அமெரிக்கப் பணக்காரருக்கு விற்றுவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். எஞ்சின் செலவுக்கு ஆளாளுக்குத் தெரிந்தவர்களிடம் கை நீட்டினார்கள். நீயும் போனாய். போனது நம்மவர்களிடம்.

“எங்கட தலையிலை குண்டு கொட்டினது காணாதோ? இஞ்சை வந்து அதுக்குக் காசும் குடுக்கவோ?” என்று பலசரக்குக்கடைக்காரர் உன் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். குறைந்தபட்சம் அந்த மனுஷன் மனதில் இருந்ததைச் சொன்னார். நகைக்கடை முதலாளிதான் வாயெல்லாம் பல்லாக ஒப்புக்கொண்டார். விமானத்தின் பக்கவாட்டில் தன் கடைப் பெயரைத் தமிழில் எழுதவேண்டும், அதை வீடியோ எடுக்கவேண்டும், காட்சி முடிந்த கையோடு பணம் தருவேன் என்றார். அவருடைய வாக்கை நம்பி ஒஷாவாக் கிழவர் தன் வீட்டை ஈடுவைத்து எஞ்சினைச் செய்வித்தார். நீ அந்தக் கிழவருக்கு என்ன சொன்னாய் தெரியுமா? “அவர் எங்கட ஆள், சொன்னால் செய்வார்” என்று. அதை நினைக்கும்போதெல்லாம் உன் காதைப் பிடித்துத் திருகவேண்டும்போல் இருக்கும்.

காட்சிக்கு ஒரு கிழமை முந்திய சனிக்கிழமை, புதுப்பித்த எஞ்சினை முதன்முதலாக இயக்கும் நாள். முதலாளி குடும்பத்தோடு வருகிறார், தயவுசெய்து கடிக்க ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வா என்று நீ கெஞ்சியதால்தான் நான் வந்தேன். வந்த இடத்தில் ஒரு வேடிக்கை பார்த்தேன். நீயும் அந்த வெள்ளைக்காரக் கிழவர்களும் தோளோடு தோள் வரிசையாக நின்று, ஜெட் நிற்கும் சீமெந்துத் தரை முழுவதும் குனிந்தபடி நடந்தீர்கள். கல், ஆணி, போத்தல் மூடி, எது கிடந்தாலும் பொறுக்கி வாளிக்குள் போட்டீர்கள். என் தலையில் இருந்த கிளிப்புகளைக்கூடக் கழற்றச் சொன்னாய்.

“எஞ்சின் ஓடத் தொடங்கினால் முன்னாலை கிடக்கிறது எல்லாத்தையும் உறிஞ்சிப்போடும் அக்கா. ஒரு சின்னக் கல்லுப் போதும், உள்ளுக்குச் சுத்துற தகடு உடைஞ்சுபோம். பிறகு மேலை போனவன் எப்பிடி இறங்கிறது?”

மேலே போகிறவரையும் காட்டினாய். பள்ளிக்கூட வாத்தியாரான ஒரு விமானி. தன் மகள்மாரை, இரண்டு சின்னப் பெட்டைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுகள் என்னுடைய ரோல்ஸைக் கடித்துவிட்டு, உறைப்பில் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடித்திரிந்தன.

முதலாளி இரண்டு வான் வண்டிகளில் வந்தார். மனைவி, மச்சான்மார், வீடியோக்காரர், கற்பூரம், எலுமிச்சம்பழம், தேங்காய். புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் செய்கிறதெல்லாம் ஜெட்டுக்கும் செய்யவேண்டுமாம். நீ இயலாது என்றாய். அவருடைய முகம் கறுத்தது. பிறகு நீ ஒரு வழி சொன்னாய். அங்கே வேலியோரப் புல்லில், தட்டத்துக்கு மேல் பிடித்து, கத்தியால் கொத்தி இரண்டாக உடையுங்கோ, விமானத்துக்குக் கிட்ட வேண்டாம் அண்ணை என்று கெஞ்சினாய். அவரும் “ஓமோம், அப்பிடியே செய்வம்” என்று உன் முதுகில் தட்டினார். நீ நம்பிக்கொண்டு விமானியைக் கூப்பிடக் கொட்டகைக்குள் போனாய்.

நீ உள்ளே போனதும் வீடியோக்காரர் சொன்னார், புல்லில் நின்றால் விமானம் படத்துக்குள் வராது என்று. அவ்வளவுதான். முதலாளி ஜெட்டின் மூக்கடிக்குப் போனார். தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கினார். சிதறுதேங்காய் அடிக்கிற அடியாகச் சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார். நான் கத்தினேன். அவர்கள் கைதட்டினார்கள். சிரட்டையும் தேங்காய்ச் சொட்டும் நாலாபக்கமும் பறந்தன. மூக்குக்கு இரண்டு பக்கத்திலும் அந்த விமானத்துக்கு வாய் மாதிரி இரண்டு துவாரங்கள். காற்று உள்ளே போகிற வழி.

நான் ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. நீ ஒருவரையும் ஏசவில்லை. நேரே போய் முன் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணிப்பட்டியைக் கட்டினாய். அது அந்தக் கொட்டகையின் வழக்கம். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கட்டலாம். கட்டியவர்தான் அவிழ்க்கவேண்டும், மற்ற எவரும் தொடக்கூடாது. பட்டி இருக்கும்வரை எஞ்சினை இயக்கமாட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா? வெள்ளைக்காரக் கிழவர்களும் காஞ்சிபுரம் உடுத்த பெண்களும் முழங்காலில் நின்று தேங்காய் பொறுக்கினார்கள். நீ என் ரோல்ஸ் தட்டத்தைக் காலி பண்ணி, அதில் சிரட்டைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி முழுத் தேங்காயாக்கப் பார்த்தாய். ஆக்கியும் விட்டாய். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெருவிரல் நகம் அளவுக்கு ஓட்டை இருந்தது. அந்தத் துண்டைக் காணவில்லை. புல்லில் தேடினார்கள். துவாரங்களுக்குள் தலையை விட்டு டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால்தான் நிச்சயம் சொல்லலாம். கழற்றித் திரும்பப் பூட்டுவதற்குள் காட்சி முடிந்துவிடும்.

“ஒரு சிரட்டைத் துண்டுக்கு உந்தக் கூத்தோ? ஊரிலை லொறிக்கு முன்னாலை உடைக்கிறேல்லையோ?” என்றார் முதலாளி.

“லொறி காத்தை உறிஞ்சிறேல்லை அண்ணை” என்றாய் நீ.

பின்னேரம் ஆக ஆக எல்லோரும் உன் பக்கம் திரும்பினார்கள். அது புல்லுக்குள்தான் கிடக்கும், பட்டியை அவிழ் என்று ஒஷாவாக் கிழவரே சொன்னார். ஈடுவைத்த வீடு அவருடைய தொண்டையில் நின்று பேசியது. விமானி வந்து, எனக்குப் பயமில்லை, நான் ஏறுகிறேன் என்றார். நீ அவருடைய பெட்டைகளைப் பார்த்தாய். அவிழ்க்கவில்லை. வரும் வழியில் காருக்குள் என்னிடம் சொன்னாய்: “தெரியாது எண்டால் தெரியாதுதான் அக்கா. அரைவாசி தெரியும் எண்டு ஒண்டு இல்லை.”

எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு கிழமைகூட நீடிக்க நீ விடவில்லை. கொட்டகையில் கூட்டம் வைத்து யார் பிழை என்று கேட்டபோது, முதலாளி சொல்வழி கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை நீ. “ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான், பொறுப்பு என்னுடையது” என்றாயாம். நல்லது, கொஞ்சக் காலத்துக்கு இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுடைய விமானியின் உயிரைக் காத்தவனுக்கு அவர்கள் செய்த மரியாதை அது. ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நான் குதித்தேன்.

“சொன்னால் அவையளுக்கு முதலாளியிலை பிழை எண்டு கேக்காது அக்கா. எங்கட ஆக்களிலை பிழை எண்டுதான் கேக்கும்.”

அந்த ‘எங்கட ஆக்கள்’ உனக்கு என்ன செய்தார்கள்? முதலாளி விமானம் பறக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைத் தரவில்லை. ஆனால் படம் மட்டும் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது, அவர் ஜெட்டுக்கே உதவி செய்த வள்ளல் என்று. கலியாண வீடுகளில் உன்னைக் கண்டால், “தேங்காய்க்குப் பயந்த மெக்கானிக்” என்று சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெட்டை அந்த இலையுதிர்காலத்திலேயே அமெரிக்காவுக்கு விற்றார்கள். அங்கே எஞ்சினைத் திறந்து பார்த்தார்களா, துண்டு கிடந்ததா என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. கராஜில் சைலன்சர் பூட்டிக்கொண்டே கிழவனானாய்.

விற்றது பிறகு. அதற்கு முதல் அந்தக் காட்சி நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்து, “என்னோடை ஒருக்கா ஏரிக்கரைக்கு வாறியோ அக்கா?” என்று கேட்டாய். விமானக் காட்சிக்கு நானா? கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அந்த வார இறுதியில் நான் யன்னல்களை மூடிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருக்கிறவள். ஆனால் உன் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல முடியவில்லை.

ஐஸ்கிறீம் சாப்பிடுகிற சனத்துக்கு நடுவில் நின்றோம். முதல் இரண்டு போர் விமானங்கள் தாழ்வாக வந்தபோது என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. புல்லில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன். என் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிக் கத்தினேனாம். நீதான் பிறகு சொன்னாய். நீ உன் ஜக்கற்றைக் கழற்றி என்னை மூடி, எனக்கு மேல் கவிழ்ந்து இருந்தாய். “எனக்குத் தெரியேல்லை அக்கா, எனக்கு இது தெரியேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நீ ஒருநாளும் பங்கருக்குள் இருந்ததில்லை. வீட்டுக்குப் போவோம் என்றாய். நான் மாட்டேன் என்றேன். உன் விமானத்துக்கு ஒதுக்கிய பத்து நிமிஷம் வரட்டும் என்று எழும்பி நின்றேன்.

நேரம் வந்தது. இந்த இடத்தில் பறக்கவிருந்த பழைய பயிற்சி ஜெட் இன்று வராது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சனம் குளிர்பானம் வாங்கப் போய்விட்டது. ஏரிக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. ஒரு பறவைகூட இல்லை. நீ கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, அது வரவேண்டிய திசையிலிருந்து போகவேண்டிய திசைவரை தலையை மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

யாழ்ப்பாணத்தில் எத்தனை வருஷம் இப்படி ஒரு வெறும் வானத்துக்காக நேர்த்தி வைத்திருப்பேன், தம்பி! அன்றைக்கு அதே வெறும் வானத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் சொல்ல முடியாதது. உனக்கு அந்த ஆத்திரம் வரவில்லை. வந்திருந்தால் நீ நாலு பேருக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாய், உன் நெஞ்சும் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கியிருக்கும். இப்போதும் செப்டெம்பர் தொடக்கத்தில் விமானச் சத்தம் கேட்டால் என் கால்கள் மேசைக்குக் கீழே ஓடப் பார்க்கின்றன. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யன்னலைத் திறந்து, உனக்குரிய அந்தப் பத்து நிமிஷம் மட்டும் வெளியே பார்க்கிறேன். நீ படவேண்டிய கோபம் முழுவதையும் நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா