உன் அளவுதான்

சென்னை
28.10.2024

கோமதித்தாய்க்கு,

நலம். உன் நலமும் உன் அம்மாவின் நலமும் அறிய ஆவல். இரண்டு வருடமாக எழுத முடியவில்லை. வேலை அப்படி.

ஒரு உதவி வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்தமானுக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்யத் திட்டம். சிலிண்டர் முதலியவை அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். உடம்பில் மாட்டிக்கொள்கிற காற்று ஜாக்கெட்தான் சின்ன அளவில் கிடைப்பதில்லை. கடையநல்லூரில் ஒரு வீட்டில் பழைய ஜாக்கெட் இரண்டு விற்பனைக்கு இருப்பதாக இணையத்தில் பார்த்தேன். உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. நீ போய் இரண்டையும் போட்டுப் பார்த்து எது நல்லது என்று எழுது. பத்தாவது படிக்கிற பெண்ணுக்குச் சரியாக இருக்க வேண்டும். உன் அளவுதான் கணக்கு. விற்பவருக்கு நான் நேரடியாகப் பணம் அனுப்பிவிடுவேன்.

போன் செய்யாதே. கடிதமே எழுது. உன் கையெழுத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆபீஸ் முகவரிக்கே போடு.

இப்படிக்கு,
ச. பாண்டி

*

சங்கரன்கோவில்
4.11.2024

என் அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் கோமதித்தாய் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் கடிதம் தீபாவளி கழிந்து மறுநாள் வந்தது. தபால்காரர் அம்மாவின் ஜெராக்ஸ் கடையில்தான் கொடுத்தார். அம்மா அதைப் பிரிக்காமல் கல்லாப் பெட்டியின் மேல் வைத்திருந்தாள். நான் ஆறு முறை படித்துவிட்டேன். ஒரு குறை மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் ‘அப்பா’ என்று எழுத மறந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அந்தமான்! ‘உன் அளவுதான்’ என்று நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “யாருக்குன்னு கேட்டியாட்டீ?” என்றாள். இதை வேறு கேட்பார்களா? நீங்கள் கடைசி நாளில் சொல்லலாம் என்று வைத்திருப்பீர்கள். நான் கேட்க மாட்டேன்.

நூலகத்தில் டைவிங் பற்றி ஒரு புத்தகமும் இல்லை. ஆகவே கடைக் கம்ப்யூட்டரில் தேடிப் பதினோரு பக்கம் பிரின்ட் எடுத்தேன். குளிர்கடலில் தடித்த உடுப்பு போடுவதால் ஆள் அதிகமாக மிதப்பானாம். அவனை அமிழ்த்த ஈயக்கட்டி நிறைய வேண்டும். அதையெல்லாம் தாங்கப் பெரிய ஜாக்கெட் வேண்டும். அந்தமான் வெதுவெதுப்பான கடல். மெல்லிய உடுப்பு போதும். அதனால் சின்ன, எடை குறைந்த ஜாக்கெட்டே நல்லது. விமானத்தில் கொண்டுபோகவும் சுலபம். போட்டுப் பார்க்கும்போதும் மெல்லிய பனியன் மேல்தான் போட வேண்டும். இதை நானே கண்டுபிடித்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாதே என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். என் தோழி பெனிட்டாவின் மாமாவுக்குக் கரிவலம்வந்தநல்லூரில் தோட்டமும் கிணறும் இருக்கின்றன. மழையில் கிணறு பாதி நிரம்பியிருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாளாகப் போகிறேன். முதுகில் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். முதல் நாள் படியிலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். “ஏட்டி, அந்தமானுக்குப் போறவ கிணத்தப் பாத்துக் கும்பிட்டுட்டு நிக்கியே” என்று பெனிட்டா தள்ளிவிட்டாள். நிறையத் தண்ணீர் குடித்தேன். இப்போது கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ச. கோமதித்தாய்

*

சென்னை
12.11.2024

கோமதித்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு பக்கம் எழுத வேண்டிய விஷயம் இதில் இல்லை. கிணறு, தோழி எல்லாம் எதற்கு? ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு எழுது. காற்று கசியக் கூடாது. கிழிசல் கூடாது. பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும், ரொம்பப் பழசாகத் தெரிந்தால் போட மாட்டார்கள். சீக்கிரம்.

இப்படிக்கு,
ச. பாண்டி

*

சங்கரன்கோவில்
25.11.2024

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் ரயிலில் கடையநல்லூர் போய் வந்தோம். அம்மா கடையை அடைத்துவிட்டு வந்தாள். சுருக்கமாக எழுத முயல்கிறேன். ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் எதை வைத்து முடிவெடுப்பீர்கள்?

அந்த வீட்டு அம்மா பெயர் ஆபிதா பானு. அவர் கணவர் மஸ்கட்டில் ஒரு டைவிங் கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்தார். கடையை மூடும்போது அவருக்கு இரண்டு ஜாக்கெட் கொடுத்தார்களாம். “வெள்ளக்காரங்க முங்கிட்டு வந்து கழத்திப் போடுவாங்க. அதக் கழுவிக் காயப்போடுததுதான் அவுஹ வேல. தெனம் அம்பது சட்ட கழுவுனவுஹ ஒரு நா கூட கடல்ல முங்குனதில்ல. நீ முங்கப் போறியாம்மா?” என்று கேட்டார். “ஆமா, எங்க அப்பா கூட்டிட்டுப் போறாங்க” என்றேன். “அல்லாவே, குடுத்து வச்ச புள்ள” என்று என் கன்னத்தைத் தொட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கறுப்பு ஜாக்கெட் பெரியது. அதை மாட்டிக்கொண்டு நான் நிற்க, தோள்பட்டையைப் பிடித்து அம்மா பின்னாலிருந்து மேலே இழுத்தாள். ஜாக்கெட் காது வரை வந்துவிட்டது. தண்ணீரிலும் இப்படித்தான் ஏறுமாம். ஆகவே வேண்டாம். நீல ஜாக்கெட் இரண்டரைக் கிலோதான். இழுத்தபோது அசையவில்லை. வாயால் ஊதி முழுக்க நிரப்பிய பிறகும் நெஞ்சை அழுத்தவில்லை. “மூச்சு விட முடியுதா?” என்று அம்மா கேட்டாள். முடிந்தது.

காலை பத்து மணிக்கு ஊதிக் கொடியில் தொங்கவிட்டோம். அந்த அம்மா எங்களை விடாமல் பிடித்துச் சாப்பாடு போட்டார். இரண்டு மணிக்குப் பார்த்தால் கொஞ்சம் தொய்ந்திருந்தது. அண்டாத் தண்ணீரில் முக்கினேன். தோளில் காற்றைத் திறந்துவிடுகிற மூடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழி. மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ரப்பர் வளையத்தின் கீழ் ஒரு மணல் துகள்! மஸ்கட் மணலாக இருக்கும். துடைத்து மாட்டியதும் குமிழி நின்றது. பிறகு உள்ளே தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தேன். உப்புத்தூள் வந்தது, மூன்றாம் முறை சுத்தமான தண்ணீர் வந்தது. பூஞ்சை வாடை இல்லை. தையல், கொக்கி, கயிறு எல்லாம் சரி. சிலிண்டரிலிருந்து உள்ளே காற்று அடைக்கும் பொத்தான் மட்டும் அழுத்தி விட்டால் மெதுவாகத்தான் மேலே திரும்பி வருகிறது. அது சிக்கிக்கொண்டால் காற்று ஏறிக்கொண்டே போய் ஆளை ஒரேயடியாக மேலே தூக்கிவிடும், ஆபத்து. டைவிங் கடையில் சிலிண்டரோடு இணைத்துப் பார்த்து சர்வீஸ் செய்த பிறகே கடலில் இறங்க வேண்டும். தோள்பட்டையில் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

ஆகவே நீலம்தான். பணம் நீங்கள் அனுப்பும்போது வரட்டும் என்று ஆபிதா பானு அதை என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் இருக்கிறது. அம்மா இல்லாதபோது ஒரு தடவை போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன்.

அரையாண்டுத் தேர்வு 23ஆம் தேதி முடிகிறது. அன்று மாலையே ரயில் ஏறினால் 24 காலை சென்னை வந்துவிடுவேன். அம்மாவுக்குச் சம்மதம்தான் என்று நினைக்கிறேன். “ஒங்கய்யா வாய தெறந்து சொல்லட்டும், அப்புறம் பாப்போம்” என்றாள். விமான டிக்கெட்டுக்குத் தேவைப்படும் என்று ஆதார் நகல் இணைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
ச. கோமதித்தாய்

*

சென்னை
3.12.2024

கோமதித்தாய்க்கு,

உன் கடிதம் வந்தது. ஆதார் நகலைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதில் என் பெயர் இருக்கிறது. ஆபீஸில் யார் கண்ணிலாவது பட்டால் வீண் பேச்சு.

நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. உன்னை அழைத்துப் போவதாக நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஜாக்கெட் அபிஷாவுக்கு. என் மனைவியின் மகள். உன் வயது, உன் உயரம். அதனால்தான் உன்னிடம் சொன்னேன். தையல்காரரிடம் அளவுக்கு ஒரு சட்டை கொடுப்பதில்லையா, அது போலத்தான். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அபிஷா நான்கு வருடமாக நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். நீ கேன் கட்டிக்கொண்டு கிணற்றில் கிடப்பதாக எழுதுகிறாய். கடல் அப்படிப்பட்ட இடமில்லை.

முதல் கல்யாணத்தில் எனக்குப் பிள்ளை கிடையாது என்றுதான் இங்கே சொல்லியிருக்கிறேன். படிக்கிற பெண், புரிந்துகொள்வாய். ஆகவே பார்சலின் மேல் உன் பெயரோ சங்கரன்கோவில் என்பதோ இருக்கக் கூடாது. அனுப்புநர் இடத்தில் அந்தக் கடையநல்லூர் அம்மாவின் பெயரைப் போடு. ஆபீஸில் பெரிய பார்சல் வாங்க மாட்டார்கள். வீட்டு முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அது பார்சலுக்கு மட்டும். அபிஷா பெயருக்கே அனுப்பு. தன் கையால் பிரிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள்.

நன்றாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய். இனி கடிதம் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ச. பாண்டி

*

சங்கரன்கோவில்
10.12.2024

அப்பாவுக்கு,

ஜாக்கெட்டை இன்று காலை ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். மீண்டும் ஒருமுறை கழுவி, நிழலில் காயவைத்து, மடிப்பு விழாமல் இருக்கக் கொஞ்சம் காற்று வைத்துக் கட்டினேன். அபிஷா பெயருக்குத்தான் போட்டிருக்கிறேன். அனுப்புநர் இடத்தில் ஆபிதா பானு, கடையநல்லூர். நீங்கள் சொன்னபடியே பார்சலின் மேல் என் பெயர் எங்கும் இல்லை.

பொத்தானை மறக்காமல் சர்வீஸ் செய்யுங்கள்.

கோமதித்தாய்

*

சங்கரன்கோவில்
10.12.2024

அன்பு அபிஷாவுக்கு,

இதை ஜாக்கெட்டின் வலது பக்கப் பையிலிருந்து எடுத்திருப்பாய். முதலில் காற்று அடைக்கும் பொத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் முக்கியம். இடது தோளிலிருந்து தொங்கும் குழாயின் நுனியில் இருக்கிறது. அழுத்தி விட்டால் மெதுவாகத்தான் திரும்பி வருகிறது. கடையில் காட்டிச் சரிசெய்யாமல் கடலில் இறங்காதே. யார் அவசரப்படுத்தினாலும் இறங்காதே. காற்றைத் திறந்துவிடும் மூடி தோளில் இருக்கிறது. அதைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், இப்போது கசிவு இல்லை. கடலிலிருந்து வந்ததும் உள்ளேயும் வெளியேயும் நல்ல தண்ணீரில் கழுவு.

அளவு உனக்குச் சரியாகவே இருக்கும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே உயரம் என்று அப்பா எழுதியிருந்தார்.

அப்பா என்று நான் சொல்வது நீ யாரோடு அந்தமான் போகப்போகிறாயோ அவரை. அவர் எங்கள் வீட்டிலிருந்து போனபோது நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் அம்மா பெயர் சுப்புலட்சுமி. இங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. அப்பா எனக்கு எழுதிய மூன்று கடிதங்களையும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்து உனக்குத் தெரியும், அதனால் நான் பொய் சொல்கிறேன் என்று நீ நினைக்க முடியாது. மூன்றாவது கடிதத்தில் உன் பெயர் இருக்கிறது.

நீ எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதைப் படித்தால் உன் விடுமுறை கெடும், உன் அம்மா அழுவார்கள் என்று எனக்குத் தெரியும். இதுவரை எழுதியதை இரண்டு நாள் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பார்சலைக் கட்டும்போதும் ஒருமுறை வெளியே எடுத்தேன். மீதியை இப்போது எழுதி மறுபடி உள்ளேயே வைக்கிறேன்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அவர் வீட்டில் இருக்கும்போது, உன் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது, என் பெயரைச் சத்தமாகச் சொல்லி யாரென்று கேள். உடனே அவர் முகத்தைப் பார். எட்டு வருடமாக நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அது எப்படி மாறியது என்று ஒன்று விடாமல் எனக்கு எழுது.

இப்படிக்கு,
ச. கோமதித்தாய்
சங்கரபாண்டியின் மகள்