மக்டபூர்க் தாண்டினால் ஒரு பெண் ஏறுவாள்

இன்று காலை வேலைக்குப் புறப்படும்போது கோட்டை உதறினேன். கைப்பக்கம் முழுவதும் சாம்பல் நிறப் பூனை மயிர். எங்கள் வீட்டில் பூனை இல்லை. இருந்ததும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் ஹாலேக்குப் போய் வந்தேன். கடைசியில் தனியாகத்தான் போனேன்.

ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஹம் நகர ஓரத்து அகதி விடுதியில் நம் இரண்டு பெண்களுக்கும் ஒரே அறை. விண்ணப்பம் முடிகிறவரை அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். நீயோ, ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில் கிடந்த பழைய ரயில் நேர அட்டவணைப் புத்தகத்தைத் தூக்கி வந்து குசினி மேசையில் வைத்துக்கொண்டாய். உடுப்புக் கொண்டுவந்து கொடுக்கும் தேவாலயத்துப் பெண்மணி ஒருநாள், ஹாலே என்ற பழைய நகரத்துச் சுவடிக்கூடத்தில் முந்நூறு வருடத்துத் தமிழ்க் கடிதங்களும் ஓலைகளும் இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உனக்கு வேறு ஊர் இல்லை.

"எங்களுக்கு முதலே எங்கட எழுத்து இஞ்சை வந்திட்டுது. விசாவும் கேக்கேல்லை," என்று சிரித்தாய்.

பருப்பு அவிகிற நேரமெல்லாம் நீ பயணம் போவாய். ஹனோவரில் மாறி, பிறகு மக்டபூர்க், பிறகு ஹாலே. முதலில் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். புத்தகத்தில் இல்லாதவை அப்போதுதான் வரத் தொடங்கின.

"மக்டபூர்க் தாண்ட ஒரு மனிசி ஏறும். எங்களுக்கு முன்னாலை வந்து இருக்கும். மடியிலை பூனைக் கூடை. பூனைக்கு ஒரு கண்தான்."

ஏன் ஒரு கண் என்று கேட்டேன். நீ கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கென்ன தெரியும், அப்பிடித்தான் தெரியுது," என்றாய். உன் குரலில் விளையாட்டு இல்லை. நான் எழுந்து அடுப்பைக் குறைத்தேன், அதற்குத் தேவை இல்லாதபோதும்.

பிறகு நமக்கு விசா கிடைத்தது. நீ முதியோர் இல்லத்து வேலைக்குப் போனாய், நான் ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலைக்கு. கலியாணம், பிள்ளைகள், ஷிப்ட். உனக்கு லீவு கிடைத்தால் எனக்குக் கிடைக்காது. ஹாலே ஒவ்வொரு கோடைக்கும் தள்ளிப்போனது. போன வருடம் உன் நுரையீரலில் நோய் கண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ஒக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, டெர்மின், சந்திப்பு நேரம், எடுத்தாயா என்று கேட்டாய். டொக்டரிடம் என்று நினைத்தேன். இல்லை, அந்தச் சுவடிக்கூடத்துக்கு. இன்னும் இல்லை, நீ எழும்பி வா, சேர்ந்து எடுப்பம் என்றேன்.

"நீ முதல் போ. நான் வருவன்," என்றாய்.

அந்த வாரமே நீ போய்விட்டாய்.

டெர்மின் கிடைத்தது. இப்போது ஹம்மிலிருந்து மாறாமல் போக ரயில் இருக்கிறது. ஜன்னலோரம் இருந்தேன். பக்கத்து இருக்கை காலி, அதில் கோட்டைப் போட்டேன். மக்டபூர்க் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் அந்தப் பெண் ஏறினாள். வயதானவள். எனக்கு எதிரே இருந்து கூடையை மடியில் வைத்தாள். கூடைக்குள் பார்க்கக் கூடாது என்று வெளியே வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றாலைகள் சுற்றின. ஏதோ பிராண்டும் சத்தம் கேட்டது. அவள் மூடியைத் திறந்துவிட்டாள்.

சாம்பல் பூனை. இடது கண் இருந்த இடம் தைத்து மூடியிருந்தது.

அது என்னிடம் வரவில்லை. என் கோட்டின் மேல் ஏறி, இருக்கையின் முதுகுப்பக்கம் தலையை உரசி உரசி, யாருடைய மடியிலோ படுப்பதுபோலச் சுருண்டு படுத்தது. அது சுகத்தில் குர்ர் என்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இவன் பழக்கமில்லாதவர்களிடம் போகவே மாட்டான் என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். கையை மடக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

ஹாலே வருகிறது என்று அறிவித்ததும் எழுந்தேன். அவள் பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"உங்கள் தோழி லைப்சிக் வரை போகிறாரா?"

"ஓம்," என்றேன். அவள் பேசிய டொச்சில் அல்ல, தமிழில். யோசிக்காமல் வாயிலிருந்து வந்தது. அவளுக்கு அது விளங்கியது.

"நல்லது. அதுவரை எங்களுக்கும் துணை இருக்கும்."

கோட்டை இழுத்தேன், பூனை இறங்கி அந்த இருக்கையிலேயே மறுபடி படுத்தது. பிளாட்போரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். ரயில் நகரும்போது அந்தப் பெண் முன்னால் சாய்ந்து, நீ இருந்திருக்க வேண்டிய பக்கம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். பூனையோடு கதைத்திருக்கலாம்.

சுவடிக்கூடத்தில் ஒரு கடிதத்தைச் சிறு திண்டில் வைத்துக் காட்டினார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாத பழைய எழுத்து. தட்டுத் தடுமாறித்தான் வாசித்தேன். யாரோ ஒருவர் யாருக்கோ சுகம் விசாரித்திருந்தார். கப்பல் வந்து சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும், அதற்குள் சுகம் விசாரிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தாரோ இல்லையோ. பொறுப்பாக இருந்த பெண் சத்தமாக வாசிக்க முடியுமா என்று கேட்டாள். வாசித்தேன். பாதியில் என் குரலோடு இன்னொரு மூச்சுச் சத்தம் சேர்ந்து வருவதுபோல இருந்தது. நிறுத்தினேன். அதுவும் நின்றது. முடியும்வரை வாசித்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். ஜெர்மனியில் பூனை கொண்டுபோகிற கிழவிகளுக்குக் குறைவா என்றார். உண்மைதான். ஆனால் அந்த "ஓம்" மட்டும் என்னோடு வந்துவிட்டது. பாணை அடுக்கும்போதும் அதுதான் கேட்கிறது. நீ இறங்க வேண்டிய இடத்தில் நான் உன்னை இறங்கவிடாமல், தெரியாத ஒருத்தியோடு அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டேனா? உன்னை எழுப்பி இறக்கிக்கொண்டு போ என்பதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாளா?

நேற்றுப் பின்னேரம் கைபேசியில் லைப்சிக்குக்கு ரயில் பார்த்தேன். சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பழைய நகரம், பார்க்க நிறைய இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். பயம் இல்லாமல் இல்லை.

போவதற்கு ஒரு இருக்கை பதிந்தேன். வருவதற்கு இரண்டு.