செய்தி வராத காலை

1907 பிப்ரவரி 11

இன்றும் என் தந்திப் பெட்டி சொன்னது பலித்தது. வெளித்தீவு நிலையத்தில் இருக்கும் பேடர் கம்பியில்லாமல் தந்தி அடித்தான்: புயல் வருகிறது. துறை மேற்பார்வையாளர் அன்ஃபின் புறப்பாட்டுக் கொடியை ஏற்றவில்லை. அவர் கொடி ஏற்றாமல் லொஃபோட்டன் தீவுகளின் இந்தத் துறையில் ஒரு மீன்படகும் கிளம்பாது. காலையில் முணுமுணுத்தவர்கள் மதியம் காற்று கூரையைப் பிய்த்ததும் அடங்கிவிட்டார்கள்.

என் மனைவி ராக்னாவின் அண்ணன் சிவெர்ட் சாப்பிட வந்தான். மீன் ஈரலை வழித்துத் தின்றுகொண்டே, "மச்சான், உன் பெட்டி வந்ததுலேருந்து எனக்கு வானத்தப் பாக்குற வேலையே போச்சு" என்றான். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 12

முன்பு கடலடியில் தந்திக் கம்பி போட வந்தவர்கள் பாறையில் கம்பி அறுந்து திரும்பிப் போனார்கள். என் சொல் வெறும் வெளியில் வருகிறது. நாளை ஓடும் கப்பலோடும் பேசுவார்கள். அப்புறம் கடலில் யார் சாகப்போகிறார்கள்?

பிப்ரவரி 20

விடியுமுன்பே, பெட்டியில் செய்தியை வாங்கும் பழைய ஏற்பியைக் கழற்றி, நானே செய்த புதியதைப் பூட்ட உட்கார்ந்தேன். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. கேட்கும் குழாயைக் காதில் வைத்தேன். அப்பா, என்ன தெளிவு! பேடர் பக்கத்து அறையில் தட்டுவது போல. எழுந்து குதித்தேன் — வெட்கக்கேடு, குதித்தேன். அப்புறம்தான் அவன் என்ன தட்டுகிறான் என்று கவனித்தேன்.

புயல். படகை விடாதே. புயல். படகை விடாதே.

எப்போதிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறானோ. ஓடினேன். கொடி பறக்கிறது. கரையில் ஒரு படகும் இல்லை.

பிப்ரவரி 21

மற்றவர்கள் எப்படியோ கரை சேர்ந்துவிட்டார்கள். சிவெர்ட்டின் படகு மட்டும் வரவில்லை.

அன்ஃபினின் சட்டையைப் பிடித்துக் கேட்டேன், மேற்கே வானம் கறுத்திருந்தது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று. அவர் என் கையை விலக்கவில்லை.

"பாத்தேன்பா. கறுத்துதான் கெடந்துச்சு. ஆனா உங்கிட்டேருந்து ஒண்ணும் வரலியே. காத்து வந்தா நீ சொல்லுவியே."

அன்று ஒன்றும் வராததற்குப் பெட்டி கழற்றிக் கிடந்ததுதான் காரணம்! அது எனக்கு மட்டும்தானே தெரியும்? போய் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே. பெட்டி பேசாமல் இருப்பதையும் இவர்கள் செய்தியாக எடுத்துக்கொள்வார்கள் என்று — எப்படி என் புத்தியில் படாமல் போயிற்று?

பிப்ரவரி 24

படகு கிடைத்தது, கவிழ்ந்தபடி. அடிப்பலகையில் கத்திகள். படகு கவிழ்ந்தால் அதன் முதுகில் கத்தியைக் குத்தி அதைப் பிடித்துத் தொங்குவது நம் ஆட்களின் வழக்கம். ஒரு கத்திப் பிடியில் சிவெர்ட்டின் குறி. எவ்வளவு நேரம் தொங்கினான்?

ராக்னா அதைப் பிடுங்கி மடியில் துடைத்தாள். "மேக்க கறுத்தா எங்கண்ணன் படகத் தொட்டதே இல்ல" என்றாள்.

பிப்ரவரி 26

புது ஏற்பியில் இரண்டு மடங்கு தூரம் கேட்கிறது. யாரிடம் சொல்ல?

மார்ச் 15

இப்போதெல்லாம் நல்ல நாளிலும் பேடர் 'காற்று இல்லை' என்று அனுப்ப வேண்டும். அது வராமல் கொடி ஏறாது. யோசனை ராக்னாவுடையது. தந்தியின் தட்டல் எழுத்துகளைக் கல்யாணமான புதிதில் விளையாட்டாக என்னிடம் கற்றவள். "இனிமே நான் கேக்குறேன். நீ அதத் தொடாதே" என்றுவிட்டாள்.

இன்று காலையும் அவள்தான் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். செய்தி வந்தது முகத்தில் தெரிந்தது. என்ன என்று கேட்டேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போய் அன்ஃபினிடம் சொன்னாள்.

கொடி ஏறுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.