வெல்லம் போட்ட சாம்பார்

அன்பு மகள் மணிமொழிக்கு கள்ளக்குறிச்சியிலிருந்து அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், முட்டி வலியும் என்கூட சௌக்கியமா இருக்குது. அந்தக் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லா இருக்கணும்னு பெரியாண்டவரை வேண்டிக்கினே எழுதறேன்.

போன்ல பேசினா கடையில சாப்பிடறவங்க எல்லாம் காது குடுக்கறாங்க, அதான் காயிதம். நானும் உங்கப்பாவும் சேர்ந்துட்டோம்னு யாரோ உனக்குச் சொன்னாங்களாம். அவசரப்படாத. மாப்பிள்ளை வேற, ஒரே ரோட்ல அம்மாவுக்கு ஒரு ஓட்டல், எதிர்ல அப்பாவுக்கு ஒரு ஓட்டல், எப்படின்னு கேட்டாராமே. நீ சொல்லியிருக்கறது உங்கப்பா கட்டின கதை. நடந்தது இன்னான்னா, நாங்க ரெண்டு பேரும் ஒரே கடை நடத்தினப்ப, நீ மூணாவது படிக்கும்போது ஒரு நாள் அவரு சாம்பார்ல வெல்லத்தை ஜாஸ்தியா போட்டுட்டாரு. இது சாம்பாரா பாயசமான்னு மெதுவாத்தான் கேட்டேன், சாப்பிட்டுக்கினு இருந்த வெள்ளிமலை பஸ் ஆளுங்க சிரிச்சிட்டாங்க. அவருக்கு ரோஷம் வந்து, அவ்ளோ தெரிஞ்சா தனியா கடை போட்டுக் காட்டுன்னாரு. போட்டுக் காட்டினேன். எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாதுன்னு அவரு போர்டு வெச்சாரு, நாங்கள் யாருக்கும் கிளை கிடையாதுன்னு நான் வெச்சேன். ஊர் ஜனங்க என்கிட்ட இட்லி தின்னுட்டு அவர்கிட்ட போய் டீ குடிச்சி, இங்க பேசினதை அங்க சொல்லிக்கினு ஜாலியா இருந்தாங்க. நீயும் ரெண்டு கடையிலயும் தின்னுட்டுத்தானே ஸ்கூலுக்குப் போவ, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச.

போன மாசம் அவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு, பயப்படாத, இப்ப நல்லா இருக்காரு. அவர் கடையை மூடினதும் கும்பல் பூரா என் கடைக்கு வந்துடுச்சி. நான் சந்தோஷப்படணுமில்ல, ஆனா மூடின அந்த ஷட்டரையே பார்த்துக்கினு நின்னு ஒரு சட்டி வடையைக் கருக்கிட்டேன். அவரோட டீ மாஸ்டர் அம்மாசி வந்து, பிரியாணி கடைக்காரன் ஒருத்தன் அந்த எடத்தைக் கேட்டு ஓனரைச் சுத்திக்கினு இருக்கான், இப்படியே மூடிக் கெடந்தா குடுத்துடுவாருன்னான். உடனே என் கடையை என்கிட்ட வேலை செய்யற செவ்வந்தியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் ஷட்டரைத் தூக்கச் சொன்னேன். அவரு வெக்கிற மாதிரியே சாம்பார் வெச்சேன், என் கையால வெல்லம் போட்டு. ரொம்ப நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொன்னான், அவனுக்கு நான் ரெண்டாந்தரம் ஊத்தல. ஓனர் வந்து பார்த்துட்டு, கடை நடக்குதேன்னு போய்ட்டாரு. பிரியாணிக்காரன் வேற தெருவுக்குப் போய்ட்டான்.

ஆஸ்பத்திரியிலர்ந்து வந்த உங்கப்பா நேரா அடுப்பாண்ட வந்து உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பார்த்தாரு. வெல்லம் கம்மின்னாரு. நான் கரண்டியை அங்கயே வெச்சிட்டு என் கடைக்கு வந்துட்டேன். மறுநாள் காலையில பார்த்தா என் கடையில மொதல் டேபிள்ல உக்காந்துக்கினு இருக்காரு. ரெண்டு கடை வாசல்லயும் ஜனம் நிக்குது. வர்றவங்களைக் கேக்கற மாதிரியே, "இன்னாங்க வேணும்?"னு கேட்டேன்.

"நீ வெக்கிற சாம்பார்"னாரு.

இட்லி கூடக் கேக்கலடி. ஒரு கிண்ணம் சாம்பாரை வாங்கி அப்படியே குடிச்சாரு. கண்ணைத் தொடைச்சிக்கினு, காரம் ஜாஸ்தின்னு சொல்லிட்டு எழுந்து போய்ட்டாரு. அன்னிக்கு நான் மொளகா கம்மியாத்தான் போட்டிருந்தேன்.

போர்டு ரெண்டும் அப்படியேதான் இருக்குது, யாராவது கேட்டா அதையே சொல்லு. மாப்பிள்ளை சமையலைக் குத்தம் சொல்றதா இருந்தா ஆளுங்க இல்லாதப்ப சொல்லு. குழந்தைக்கு காதை மூடி குல்லா போடு. எல்லாரும் நூறு வருஷம் நல்லா இருங்க. தை மாசம் உன்னைப் பார்க்க அவரும் வர்றேன்றாரு. டிக்கெட் போடும்போது ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல போடு, மறந்துடாத. ஜன்னல் சீட்டு எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. அமிர்தம்